லிஃப்ட் பொத்தான்

மார்ச் 4, செவ்வாய்
நான் கைநாட்டு. இந்த போனில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. எழுதட்டும். வேறு யாரிடம் கத்துவது?

மகள் வேலைக்குப் போனால் பேத்தி என் பொறுப்பு. இரண்டரை வயது. நான் வைத்த பேர் மிளகாய். இன்று லிஃப்ட் பொத்தானை அவளுக்கு முன்னால் நான் அமுக்கிவிட்டேன். அவ்வளவுதான் குற்றம். தரையில் மல்லாந்து, காலை உதைத்து, நாலு மாடிக்கும் கேட்கிற கத்தல். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, கொலையா?" என்கிறார். முப்பது ஆளை அதட்டி வேலை வாங்கின மேஸ்திரி நான். ஒரு சாண் பிள்ளையிடம் மானம் போச்சு. தொடையில் ஒன்று வைத்தேன்.

மார்ச் 5
மகள் விரல் தடத்தைப் பார்த்துவிட்டாள். "இன்னொரு தடவை கை வச்சீங்கன்னா இவளைக் குழந்தைங்க காப்பகத்துல விட்டுடுவேன்ப்பா." வாத்துப் படம் போட்ட தாள் ஒன்றை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள். காப்பகத்தில் சேர்க்கிற தாளாம்.

சேரு! உன்னை அடிச்சுத்தானே வளர்த்தேன், கெட்டா போயிட்டே?

மார்ச் 6
"பஸ் ஸ்டாண்டுல பலூன் கேட்டு உருண்டே, அடிச்சேனே, ஞாபகம் இருக்கா?" என்றேன். "இல்லப்பா."

எனக்கு இருக்கிறது. சிவப்புப் பலூன். அடித்ததும் அழுகையை நிறுத்திவிட்டு என் கையைத்தான் பார்த்தாள். அப்புறம் ஒரு மாதம், நான் தூக்கப் போனால் அம்மா பின்னால் ஒளிந்தாள்.

அதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 9
மகள் பாடம் எடுக்கிறாள். கத்தும்போது புத்தி சொன்னா ஏறாதாம். அடிபடாம பாத்துக்கிட்டுப் பக்கத்துல உக்காரணுமாம். ஓய்ஞ்சதும் கட்டிக்கணுமாம். ஆனா அழுது கேட்டதைக் கொடுத்துடக் கூடாதாம். எனக்கே பாடம்!

ஈரச் சிமெண்டுப் பூச்சில் கை வைக்காதேடா, பெயர்ந்து வரும் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். சரி, போகட்டும்.

மார்ச் 12
செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டாள். சரி செய்யப் போனால் கத்தல். பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே பற்றி எரிகிறது. பத்து நிமிஷம்! ஓய்ந்ததும் "முடிஞ்சுதா?" என்றேன். என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மார்ச் 13
மூன்று தடவை. மூன்று தடவையும் உட்கார்ந்தேன். முட்டி போச்சு.

மார்ச் 20
கடைக்குப் போய் வந்தோம். மிளகாய் பொத்தானை அமுக்கினாள். லிஃப்ட் வரவில்லை. நானும் அமுக்கினேன், பத்துத் தடவை. காவலாளி சிரிக்கிறான்: "ரிப்பேர்னு கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கே, படிக்கத் தெரியாதா?"

பிள்ளையின் முன்னால்!

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினேன். வீட்டுக்குள் வந்து பையை வீசினேன். வெங்காயம் மூலைக்கு மூலை ஓடியது. கதவை உதைத்தேன். என்ன கத்தினேனோ. மூச்சு வாங்கித் தரையில் சரிந்தேன்.

மிளகாய் வந்தாள். ஒரு கை தூரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். நான் அடங்கினதும் கேட்டாள்: "முஞ்சுதா?"

அப்புறம் தன் சட்டையை என் மூக்குப் பக்கம் நீட்டினாள்.

மார்ச் 21
காலையில் மகள் கேட்டாள்: "நேத்து கத்தினாளாப்பா?"

"அவ இல்ல. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் பலூனையும் சொன்னேன். கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

இப்போது தண்ணீர் எடுக்கப் போனேன். ஃபிரிட்ஜில் வாத்தைக் காணோம். கிழிந்து குப்பைக்கூடையில் கிடக்கிறது.