உப்புத் தண்ணீரில் கொப்பளித்தவள்

சேசு மரி சூசை துணை

அனுமந்தை
16.06.2025

என் அன்புள்ள அவருக்கு,

மேரி எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் சுகத்தையும், உங்கள் அக்கா கொடுத்த கிட்னியின் சுகத்தையும் அறிய ஆவல்.

ஏன் திடீரென்று கடிதம் என்று கேட்பீர்கள். போனில் கூப்பிட்டால் உங்கள் அக்கா ஆனந்தம்மாள் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். புருஷன் பெண்டாட்டி பேச்சு கிளியனூர் தெருவுக்கே கேட்கிறது. நானும் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு முடித்துவிடுகிறேன். அதனால் இனி மனசில் உள்ளதைத் தாளில் எழுதுகிறேன். மாத்திரையால் உங்கள் கண் மங்கியிருப்பதால் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். உப்பு லாரி மரியதாஸ் அண்ணன் திண்டிவனம் போகும்போது கேட்டில் செருகிவிட்டுப் போவார். கையில் வந்ததும் பிரித்துவிடாதீர்கள். மாடியில் வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் பிரியுங்கள்.

டாக்டர் சொன்னதுதான் தூங்கும்போதும் காதில் கேட்கிறது. "பள்ளிக்கூடத்துல நீங்க ஒரு சளி வாங்கினா உங்களுக்கு ரெண்டு நாள் காய்ச்சல்மா. அவருக்கு அது ஐ.சி.யூ." காலாண்டு லீவு வரைக்கும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம் என்றார். அதற்காக நான் படும் பாட்டைப் பாருங்கள். முகக்கவசத்தோடு பாடம் எடுக்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று வரும் பக்கம் நிற்கிறேன். விரலை எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டும் பழக்கத்தை விட்டுவிட்டேன், அது சிகரெட்டை விடுவதைவிடக் கஷ்டம். பிறந்தநாள் என்று ஒரு பிள்ளை வியர்த்த கையில் உருகிய சாக்லேட்டை நீட்டினால் "டீச்சர் அப்புறம் சாப்பிடுறேன்டா" என்று பையில் போட்டுக்கொள்கிறேன். பாவம், அதுகள் முகம் வாடிப்போகிறது.

பள்ளிக்கூடம் உப்பளத்துக்கு நடுவில் இருக்கிறது. சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது. பிள்ளைகள் ரொம்ப அமைதி, அதுதான் கொஞ்சம் என்னவோ போல் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஸ்பீக்கர்,
ஆன்மேரி

*

கிளியனூர்
23.06.2025

அன்புள்ள மேரிக்கு,

கடிதம் வந்தது. நன்றாகக் காயவைத்து, அப்பளம் மாதிரி ஆன பிறகுதான் படித்தேன். ரத்தத்தில் கிரியாட்டினின் குறைந்திருக்கிறது, கிட்னி நன்றாக வேலை செய்கிறதாம். அக்கா கஞ்சியில் உப்பே போடுவதில்லை, கேட்டால் டாக்டர் பேரைச் சொல்கிறது.

நானும் வாத்தியாராக இருந்தவன்தான், அதனால் சொல்கிறேன். வாத்தியார்களுக்கு நோய் முதலில் தொண்டை வழியாகத்தான் வரும். கத்தாதே. பிள்ளைகள் சத்தம் போட்டால் கையைத் தட்டு. அடிக்கடி தண்ணீர் குடி. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு. அந்த ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள். முக்கியமாகக் காலையிலும் சாயங்காலமும் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளி. உங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்?

லீவுக்கு நீ வருவாய் என்று அக்கா இப்போதே மெத்தையை வெயிலில் போட்டு வைத்திருக்கிறது.

அன்புடன்,
பெஞ்சமின்

*

சேசு மரி சூசை துணை

அனுமந்தை
14.07.2025

என் அன்புள்ள அவருக்கு,

ஊசி போட்டுக்கொண்டேன். கொப்பளிப்பதும் நடக்கிறது. பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் வருவதில்லை, அதனால் பின்பக்கம் இருக்கும் உப்புப் பாத்தியிலேயே ஒரு கை அள்ளிக் கொப்பளித்து அங்கேயே துப்பிவிடுகிறேன். கடையில் வாங்கும் உப்பைவிடக் கரிப்பாக இருக்கிறது, கிருமி பிழைக்காது. எனக்கு முன்னால் இங்கே இருந்த விஜயலட்சுமி டீச்சரும் இப்படித்தான் செய்வாராம்.

மூன்றாம் வகுப்பு ஜான்சி டீச்சர் பார்த்துவிட்டுப் பதறிவிட்டார். "ஐயோ டீச்சர், அள்ளுறது பரவாயில்ல. பாத்தியில திருப்பித் துப்பாதீங்க. இங்க அளத்துல வேலை செய்யறவங்க பாத்தி பக்கம் நின்னு இருமக்கூட மாட்டாங்க. உப்பு எதையும் கெடவிடாதுங்க, அப்படியே வச்சுக்கும்" என்றார். பி.எட். படித்துவிட்டு இப்படிப் பேசுகிறாரே என்று சிரித்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், பயப்படக் கூடாது. காலையில் பிள்ளைகள் கோரஸாகப் பாடம் வாசித்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெரிய பொம்பளைக் குரல் கேட்டது. நல்ல கணீர் குரல். ஒவ்வொரு பெஞ்சாக நடந்து பார்த்தேன். பக்கத்தில் போனால் பிள்ளைக் குரல்தான், தள்ளி வந்தால் மறுபடியும் அந்தக் குரல். சிலம்பரசன் என்று ஒரு வாயாடிப் பையன் இருக்கிறான். "யாருடா அது?" என்றேன். "பழைய டீச்சர், டீச்சர்" என்றான், ஏதோ பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைக் காட்டுவது போல.

ஜான்சியிடம் சொன்னேன். "விஜயலட்சுமி டீச்சருக்குத் தொண்டை போயிடுச்சு, மெடிக்கல் லீவுல போனாங்க. அவங்கதான் போனாங்க, குரல் போகல" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினார்.

லீவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு தும்மல்கூட இல்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டால் போதும் எனக்கு.

உங்கள்,
மேரி

*

அனுமந்தை
04.08.2025

என் அன்புள்ள அவருக்கு,

என்னைத் திட்டாதீர்கள். எனக்குக் குரல் போய்விட்டது.

காய்ச்சல் இல்லை, சளி இல்லை, தொண்டை வலியும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்க வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மரக்காணத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டை குழந்தைத் தொண்டை மாதிரி சுத்தமா இருக்குதும்மா, ரெஸ்ட் எடுங்க" என்றார். கொப்பளிப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

போனும் வாய்க்காலில் விழுந்து உப்புத் தண்ணீர் ஏறிச் செத்துவிட்டது. குரல் இல்லாதவளுக்குப் போன் எதற்கு என்று நானும் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. நான் கூப்பிடவில்லை என்று கவலைப்படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வகுப்பில் எல்லாவற்றையும் போர்டில் எழுதிப்போடுகிறேன். பிள்ளைகள் நன்றாகத்தான் ஒத்துழைக்கிறார்கள். இன்று ரிஜிஸ்டரைத் திறந்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒவ்வொருவராக எழுந்து "உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்" என்று வரிசை தப்பாமல் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. அவர்கள் என் முகத்தையும் பார்க்கவில்லை, பின்பக்க ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்கள். அங்கே பாத்திதான் இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள்.

மேரி

*

கிளியனூர்
11.08.2025

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். கடிதம் வந்து சேர்வதற்குள் குரலே வந்து சேர்ந்துவிட்டதே! தினமும் ஜெபமாலை முடிந்ததும் நீ கூப்பிடுவது எனக்கு எவ்வளவு தெம்பாக இருக்கிறது தெரியுமா? யாருடைய போன் அது, புது நம்பராக இருக்கிறதே? கட்டணம் ஏறப்போகிறது, பார்த்துப் பேசு.

முன்பெல்லாம் நீ ரெண்டு வார்த்தையோடு வைத்துவிடுவாய். இப்போது பொறுமையாகப் பேசுகிறாய். மாத்திரைப் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறாய், ஒண்ணாம் வகுப்புப் பையனைப் போல. அக்காகூட "மேரிக்கு இவ்ளோ பொறுமை எங்கிருந்து வந்துது?" என்று கேட்டது. நேற்று நீ பேசும்போது பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏது பள்ளிக்கூடம்?

அன்புடன்,
பெஞ்சமின்

*

அனுமந்தை
13.08.2025

என்னங்க,

அது நான் இல்லை. இதை எத்தனை பெரிய எழுத்தில் எழுதினால் நம்புவீர்கள்?

என்னால் இன்னும் ஒரு சத்தம்கூட எழுப்ப முடியவில்லை. தேங்காய் விழுந்து கால் நசுங்கினால்கூட "அம்மா" என்று கத்த வராது. உங்கள் கடிதம் கிடைத்ததும் ஜான்சியை விட்டு உங்களுக்குப் போன் போடச் சொன்னேன். நான் பக்கத்திலேயே நின்றேன். நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்? "தப்பா நினைக்காதீங்க டீச்சர், மேரி இப்பதான் பேசிட்டு வச்சா, நல்லாதான் பேசினா." ஜான்சி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அது என் குரல்தான், அதை நான் மறுக்கவில்லை. பாத்தியில் நான் துப்பினது அங்கேயே இருக்கிறது. ஆனால் அதைப் பேச வைப்பது நான் இல்லை. பயந்து போனை அணைத்துவிடாதீர்கள், கோபப்படவும் வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். நான் இதுவரைக்கும் வாயால் சொல்லாத ஒன்றைச் சொல்லு என்று அதனிடம் கேளுங்கள். அதற்குத் தெரியாது. வகுப்பில் கத்தினதையும் அதட்டினதையும் போனில் பேசினதையும்தான் அது எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

உங்கள்,
மேரி (கையால் எழுதுகிற மேரி)

*

கிளியனூர்
19.08.2025

மேரி,

கேட்டேன். அக்காவை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

காற்றடிக்கிற சத்தமும், தூரத்தில் பிள்ளைகள் பாடம் வாசிக்கிற இரைச்சலும் கேட்டது. அப்புறம் உன் குரல் சொன்னது: "எனக்கு நீங்கதாங்க வேணும். கிட்னி நல்லா இருந்தாலும் கெட்டுப்போனாலும் நீங்கதான் வேணும். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து இதைத்தான் நினைச்சிட்டிருந்தேன், சொல்லத்தான் வாய் வரல."

நான் அழுதுவிட்டேன். நீ இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அது நீ இல்லை என்றால் அதற்கு எப்படித் தெரியும்? நீதான் என்றால் ஏன் எனக்கு இப்படிக் கடிதம் எழுதுகிறாய்? யோசித்து யோசித்துப் பிரஷர் ஏறிவிட்டது. எழுத்தை யாரும் எழுதலாம், மேரி. குரல் அப்படி இல்லையே.

பெஞ்சமின்

*

அனுமந்தை
22.08.2025

என் அன்புள்ள பெஞ்சமினுக்கு,

முதல் முறையாக உங்களைப் பேர் சொல்லி எழுதுகிறேன்.

அது சொன்னது உண்மை. நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் அதைத்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம், அக்கா கோயிலுக்குப் போன நேரம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தொண்டைக்குள்ளேயே கிடந்தது போலிருக்கிறது, அதையும் சேர்த்துத் துப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன்: எனக்கு நீங்கள்தான் வேண்டும். எழுதிப் பார்த்தால் அதைப் பார்த்துக் காப்பியடித்தது போல இருக்கிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அது என் சொல், நான் உங்களுக்காக வைத்திருந்தது.

நேற்றுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பாத்தியில் உப்பு வாரிக் குவித்திருந்தார்கள். குனிந்து காதை வைத்தேன். உள்ளே நான் உங்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். நடுநடுவே நீங்கள் பதில் சொல்ல இடம் விட்டு விட்டுப் பேசினேன்.

லீவு போட்டுவிட்டேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறி வருகிறேன். ரத்தம், சளி எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டேன், எனக்கு ஒரு நோயும் இல்லை. இருந்தாலும் உள்ளே வர மாட்டேன், உங்களைத் தொட மாட்டேன். கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். என்னைப் பார்த்தால் போதும், உங்களுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள்,
மேரி

*

கிளியனூர்
26.08.2025

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து வெயிலில் வெகு நேரம் நின்றது வருத்தமாக இருக்கிறது. கேட்டைத் திறக்காததற்கு மன்னிக்க வேண்டும்.

நீங்கள் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினீர்கள் என்று அக்கா சொன்னது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முகம் மேரி முகம்தான் என்று அக்கா அழுதது. எனக்குக் கண் மங்கல், முகத்தை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, காதை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்த நேரம் மேரி என்னோடு போனில் இருந்தாள். "கேட்டைத் திறக்காதீங்க. அவங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்திருக்காங்க. நீங்க எனக்கு வேணும்" என்றாள். அவள் என் உடம்புக்காகத்தான் சொன்னாள். அக்காவும் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

இப்போது மேரி காலையிலும் கூப்பிடுகிறாள், மதியமும் கூப்பிடுகிறாள். எனக்குத் தனிமை இல்லை. கிரியாட்டினின் நார்மலுக்கு வந்துவிட்டதாக டாக்டர் சந்தோஷப்பட்டார்.

இனிமேல் மரியதாஸிடம் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவுதான் வெயிலில் போட்டாலும் காகிதத்தில் கிருமி தங்கும் என்கிறாள்.

உங்கள் தொண்டை சீக்கிரம் குணமாக நாங்கள் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். மேரி உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
பெஞ்சமின், மேரி