வேண்டுமென்றே தோற்ற ஒரு மாதம்

ஜூன் 9, ஞாயிறு

மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து மூன்று வாரம். சேர்ந்தது ஷைனிக்காக. எனக்குப் பாட்டு வராது என்பது மாஸ்டருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. "நீ வாயை மட்டும் அசைப்பா" என்றார். அசைத்தேன். இன்று பூசை முடிந்ததும் ஷைனியே வந்து பேசினாள்.

"இன்னிக்கு நல்லா இருந்துச்சு ஜெரி. சத்தமே வரல."

ராயபுரத்தில் இதைவிட மரியாதையாக யாரும் யாரையும் நிராகரித்திருக்க மாட்டார்கள்.

இருபது வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. என் தோஸ்து ஆண்ட்ரூவுக்குப் பதினேழிலிருந்தே ஆள் இருக்கிறது. எனக்கு மட்டும் என்ன குறை? — பதில் எழுத வேண்டாம்.

ஜூன் 10, திங்கள்

குழுவிலிருந்து விலகினேன். மாஸ்டர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

லூர்து மாமாவின் கேரம் கிளப்புக்கு ஒரு பெண் வந்தாள். கார்குழலி. எர்ணாவூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். ஜூலை 14 மாவட்டப் போட்டி. அதில் தேறினால் மாநிலத் தேர்வு, பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சிக்கு நன்றாக ஆடுகிற ஆள் வேண்டுமாம். மாமா என்னைக் காட்டினார். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது கேரம் ஒன்றுதான். இரண்டு வருடமாக கிளப்பில் என்னை யாரும் ஜெயித்ததில்லை.

ஸ்ட்ரைக்கரைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறாள். மாமா சும்மா எடுத்துப் பார்க்கப் போனார்.

"தொடாதீங்க அங்கிள். அது என் கைக்கு மட்டும்தான் பழக்கம்."

அவள் போன பிறகும் அவள் உட்கார்ந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட்ட வஞ்சிர மீன் மயக்கமாக இருக்கலாம் என்று நினைத்தேன். வஞ்சிரம் இல்லை.

ஜூன் 17, திங்கள்

ஆண்ட்ரூவிடம் சொன்னேன். "அவகிட்ட தோத்துடு மாமு. தெனம் ஜெயிச்சிகினு கீறவனுக்கு எவ ஓகே சொல்லுவா?" நியாயமாகத்தான் பட்டது.

ஜூன் 23, ஞாயிறு

தோற்றேன். 25–20. சிரித்தாள்.

ஜூன் 30, ஞாயிறு

ஜெயிப்பதைவிடத் தோற்பது கஷ்டம். குழி வாயிலேயே உட்கார்ந்திருக்கிற காயைத் தவறவிட எவ்வளவு திறமை வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அலுத்துக்கொண்டு உச்சுக்கொட்டவும் பழகிவிட்டேன். லூர்து மாமா மட்டும் "கண்ணை டெஸ்ட் பண்ணிக்கடா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். வீட்டிலும் சொல்லிவிட்டார் போல. அம்மா தினமும் கேரட் வைக்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

மாவட்டப் போட்டியில் கார்குழலி முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். 25–4. போனை எடுக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

மனசு சரியில்லாமல் ஆண்ட்ரூவோடு ஆடிக்கொண்டிருந்தேன். சிவப்புக் காய் போர்டின் கட்டையை ஒட்டிக் கிடந்தது. இரண்டு கட்டையில் மோதவிட்டு எதிர்க்குழியில் போட்டேன். நிமிர்ந்தால் வாசலில் கார்குழலி.

"இந்த ஷாட்டு ஒரு மாசமா எங்க பூட்ச்சு?"

வாயைத் திறந்தேன். ஷைனி சொன்ன மாதிரி சத்தமே வரவில்லை.

"நான் நல்லா ஆடறேன்னு நெனச்சிகினு இருந்தேன். அங்க போனா ஒருத்தி ஒரு காய்கூட வுட்டு வெக்கல. இன்னா வேலை பண்ணி வெச்சிருக்க நீ."

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

நான்லாம் இன்னா மனுசன்? அவளுக்கு அது வேலை, வீடு, எல்லாம். எனக்கு அவ சிரிச்சா போதும்னு இருந்துட்டேன். வெக்கமா கீது.

ஜூலை 18, வியாழன்

அவள் கிளப்புக்கு வரவில்லை. ஆகஸ்ட் 25 அன்று இன்னொரு தகுதிப் போட்டி இருக்கிறதாம், இந்த வருடத்துக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்றார் மாமா. "அதுக்காவது அந்தப் பொண்ணோட ஒழுங்கா ஆடுடா." கண் டெஸ்ட் பேச்சை விட்டுவிட்டார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

மாமாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு எர்ணாவூர் போனேன். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கேரம் போர்டு. பக்கத்தில் அவள் அப்பா லோகநாதன். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், தோளைப் பார்த்தாலே தெரிகிறது.

"நீதான் வுட்டுக்குடுக்குற வள்ளலா?"

"ஆமா அங்கிள்."

"குந்து. என் கண்ணு முன்னாடி ஆடு."

குடியிருப்பே சுற்றி நின்றது. எதிரில் அவள் உட்கார்ந்தாள், என் முகத்தையே பார்க்கவில்லை. ஆனாலும் ஆடினேன், எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஆடினேன். 25–11. ஜெயித்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. ஒரு அம்மா "பாவம், பொண்ணைப் போயி இப்படி" என்றார்கள்.

கார்குழலி கையிலிருந்த பவுடரைத் தட்டிவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"இன்னொரு கேம்."

நான்கு ஆடினோம். கடைசியில் என்னைத் தோற்கடித்தாள், நிஜமாகவே. தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

"தெனம் வரணும்," என்றாள். "ஒரு காய் வுட்டுக்குடுத்தாலும் உன் ஸ்ட்ரைக்கர் கால்வாய்லதான்."

அங்கிள் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 3, சனி

இதுவரை இருபத்தாறு கேம். அவளுக்குப் பதினொன்று. ஒன்றுகூட நான் கொடுத்ததில்லை. அம்மா இன்னும் கேரட்டை நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

நாளை போட்டி. கிளம்பும்போது என் ஸ்ட்ரைக்கரைக் கேட்டாள். ஆண்ட்ரூவுக்கே அதை நான் தந்ததில்லை.

"ஒரு மாசமா இதுகிட்டதான் அடி வாங்கிகினு கீறேன். நாளைக்கு ஒரு நாள் என் பக்கம் இருக்கட்டும்."

கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரைக்கர் இல்லாததாலா, அவள் கேட்டதாலா?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தேறிவிட்டாள். கடைசி ஆட்டம் 25–23. லோகநாதன் அங்கிள் விசில் அடித்தார், நடுவர் அவரை வெளியே நிற்கச் சொன்னார். அங்கேயிருந்தும் அடித்தார்.

அங்கிள் அப்படியே லாரி எடுக்கப் போய்விட்டதால் பாரிமுனையில் நாங்கள் இரண்டு பேரும்தான் பஸ் ஏறினோம். என் ஸ்ட்ரைக்கரைக் கேட்டேன்.

"எதுக்கு? உன் பையில பாரு."

பார்த்தேன். கைக்குட்டையில் சுற்றியிருந்தது. அவளுடையது. எப்போது வைத்தாளோ தெரியாது. அவிழ்க்கலாமா என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தொட்டுப் பாரு," என்றாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "உன் கைக்கும் பழகட்டும்."

ராயபுரத்தில் இறங்க வேண்டியவன் எர்ணாவூர் வரைக்கும் போய்விட்டேன்.