இடமிருந்து இரண்டாவது சேவகன்

இன்று காலைத் தபாலில் உன் படம் வந்தது. அது உன் படம்தானா என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். கூடவே வந்த கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உறையைப் பிரித்ததும் ஒரு வாடை வந்தது. கற்பூரத்தைப் புளித்த மாவில் போட்டது போன்ற அந்தப் பழைய பிலிம் வாடை. நடுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு, அதில் நாலு சதுரம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ராஜா, பின்னால் வேல் பிடித்த ஆறு சேவகர்கள். அவர்கள் எறும்பு முட்டை அளவுதான் இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் ஒரே தாடி, ஒரே தலைப்பாகை. பேசும் படத்தில் உன் பாட்டைக் கேட்டு அழுத சனங்களுக்கு, நீ பிரபலமாவதற்கு முன் எப்படி இருந்தாய் என்று காட்டப் போகிறார்களாம். "இவர்களில் தங்கள் நண்பர் யார் என்று மையால் ஒரு புள்ளி வைத்து அனுப்பவும்" என்று சென்னைப் பத்திரிகைக்காரர்கள் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நம் ஊரில் படக்கொட்டகை நடத்திய அண்ணாச்சி, பிலிம் அறுந்தபோதெல்லாம் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தாராம். அவர் மகன்தான் அதை அவர்களிடம் கொடுத்து, என் பெயரையும் சொல்லியிருக்கிறான்.

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. இப்போது யாரிடம் கேட்பேன்? உயிரோடு இருந்தபோது உன் வாயாலேயே இரண்டு பதில் வாங்கியவன் நான்.

அந்தத் தபால் கார்டு உனக்கு நினைவிருக்கிறதா? நாடகக் கம்பெனியோடு நீ ஓடிப்போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. உபதேசியார் வீட்டுப் பிள்ளை முடி வளர்த்துக் கூத்தாடப் போய்விட்டான் என்று பாளையங்கோட்டையில் எங்கள் வேதக்கோயில் தெரு முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டது. உன் அப்பா குடும்ப ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். அதனால் கார்டு நான் வேலை பார்த்த கோர்ட்டு விலாசத்துக்கு வந்தது. நகல் எழுதிக்கொண்டிருந்த கையில் மை காயாமலே வாங்கிப் படித்தேன். "சென்னையில் ஓடும் படம் பிடிக்கிறார்கள். நானும் இருக்கிறேன். நம் ஊருக்கும் படம் வரும். ராஜா சபையில் பின்வரிசையில் ஆறு சேவகர். இடது பக்கமிருந்து இரண்டாவது ஆள் நான். அம்மையிடம் சொல்." அவ்வளவுதான். உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. யாருக்கு இடது என்று எழுதவும் உனக்குத் தோன்றவில்லை.

அந்தப் படம் வந்தபோது அதைச் சனங்களுக்கு விளக்கிச் சொல்லும் ஆளாக நானே நிற்பேன் என்று யார் கண்டது? ஊமைப்படத்துக்குக் கதை சொல்ல ஒரு தொண்டை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் வேதபாடம் வாசிப்பதைத் தெருவில் நின்று கேட்ட மேலப்பாளையத்து அண்ணாச்சி, கோர்ட்டு விட்டதும் நேரே கொட்டகைக்கு வரச் சொல்லிவிட்டார். எனக்கும் என் குரல் மீது கொஞ்சம் கர்வம் உண்டு, உனக்குத் தெரியாததா. கோயில் பாதிரி ஐயரவர்கள் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் போனேன்.

ஆற்றங்கரைப் பொட்டலில் கூடாரம். நடுவில் பெரிய வெள்ளைத் துணி. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பேர் தாமிரபரணித் தண்ணீரை மொண்டு அந்தத் துணியை நனைப்பார்கள். நனைந்தால்தான் பின்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் படம் தெரியும். முன்பக்கம் ஆண்கள், துணிக்குப் பின்னால் பெண்கள். துணியில் குச்சி பட்டால் சுருக்கம் விழுமென்று எதையும் தொட்டுக் காட்டக் கூடாது. வாயால்தான் எல்லாம்.

படம் ஊருக்கு வந்த அன்று காலை உன் அம்மையிடம் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். உன் அம்மையை நான் சித்தி என்றுதான் கூப்பிடுவேன், சொந்தம் ஒன்றும் இல்லை. சித்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார்கள்.

"உசுரோட இருக்கானாலே?"

"இருக்கான் சித்தி. படத்துல நிக்கான். ராஜாவுக்குப் பின்னால இடது பக்கம் ரெண்டாவது ஆளு."

"நடமாடுதானா?"

"மத்த படம் மாதிரி இல்ல சித்தி, ஆளு அசையும்."

அன்று சாயங்காலமே வந்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போவதாக உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு, சேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். சபைக் காட்சி வந்தது. நான் முன்பக்கம் நின்று என் இடது பக்கம் இரண்டாவது ஆளைப் பார்த்தேன். நல்ல நிமிர்ந்த நிலை. எட்டு வருஷம் ஒரே பெஞ்சில் உன்னோடு உட்கார்ந்தவன் நான். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அது நீயா என்று எனக்குத் தெரியவில்லை. ஒட்டுத்தாடிக்கு மேலே இரண்டு கறுப்புப் பொட்டாகக் கண், வேறொன்றும் இல்லை. கார்டில் நீ எழுதியிருந்ததால் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அவனுக்கு ஒரு வசனமும் கொடுத்தேன். "மகாராஜா, இந்தச் சேவகன் உடலில் உயிர் இருக்கும்வரை தங்களுக்கு என்ன பயம்" என்று கர்ஜித்தேன். கூடாரமே கை தட்டியது.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வே, அந்தாளு வாயே தொறக்கலையே. நீரு ஏன்வே அவனுக்குப் பேசுதீரு?"

"வீரனுக்கு ஒரு வார்த்தையாவது வேண்டாமா அண்ணாச்சி?"

"ராஜாவே சும்மா இருக்காரு. சேவகனுக்கு என்னவே வாய்?"

அண்ணாச்சி சொன்னது நியாயம்தான். ஆனால் வசனத்தை விட எனக்கு மனம் வரவில்லை. அதே நாள் ஆட்டம் முடிந்து ஆற்றோரமாக நடக்கும்போது சித்தி சொன்னார்கள், "அவன் வாயத் தொறக்கான், நீ பேசுதே. நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்குலே அம்புட்டுச் சத்தம்? எம்புள்ள பையத்தான் பேசுவான். நீயும் பையப் பேசு."

எனக்குச் சுருக்கென்றது. என் ஆள் வாயைத் திறக்கவே இல்லை என்று சற்று முன்புதான் அண்ணாச்சி சொன்னார். பின்னே வாயைத் திறந்தது யார்?

மறுநாள் உற்றுப் பார்த்தேன். வரிசையின் அந்தப் பக்கம், என் வலதுகைப் பக்கம் இரண்டாவது ஆள், நான் கர்ஜிக்கும் நேரத்துக்குச் சரியாக வாயைத் திறந்தான். பேசவில்லை. கொட்டாவி விட்டான். அதற்குப் பிறகு நேராக நம்மைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் படம் இடம் வலமாகத் திரும்பித் தெரியும். எனக்கு இடது, சித்திக்கு வலது. நான் சொன்னதை நம்பி அந்தம்மா நாலு நாளாக வேறொருவனைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படித்தான் முதலில் நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் இன்னொன்று தோன்றியது. நீ எழுதிய இடது எந்த இடது? ராஜாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு உன் இடதுகைப் பக்கத்தை எண்ணியிருந்தால், அது எனக்கு வலது. அப்படியானால் தப்பான ஆளைப் பார்த்தது நான். சித்தி சரியான ஆளைத்தான் பார்த்தார்கள், கொட்டாவி விட்டது நீ. உனக்கு எழுதிக் கேட்கலாம் என்றால் கார்டில் விலாசம் இல்லை.

படம் ஒரு மாதம் ஓடியது. சித்தி முடிந்த நாளெல்லாம் வந்தார்கள். எந்தச் சேவகனைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் ராஜாவின் பாதத்தைப் பார்த்துப் பேசினேன். குரலை மட்டும் சித்தி சொன்னபடி தாழ்த்திக்கொண்டேன். கடைசி நாளில் அண்ணாச்சியிடம் கெஞ்சிச் சித்தியை முன்பக்கம், மிஷின் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். உண்மை எதுவோ அது தெரிந்துவிடட்டும் என்று நினைத்தேன். "இடது பக்கம் ரெண்டாவது ஆளை நல்லாப் பாத்துக்கிடுங்க சித்தி" என்று மட்டும் சொன்னேன்.

சபைக் காட்சி முடிந்ததும் அவர்களிடம் போனேன். முகம் மலர்ந்திருந்தது.

"இன்னைக்கு எடம் மாறி நிக்கான்லே. நான் விட்டுருவேனா? அங்கன, அந்தக் கடைசிக்கு முன்னால நிக்கான்."

"அது இல்ல சித்தி. இந்தப் பக்கம் நிமிந்து நிக்கானே, அவன்தான்..."

"ஒனக்குக் கண்ணு தெரியலையாலே? பெத்தவ எனக்குத் தெரியாதா? பேசி முடிச்சுட்டு என்னப் பாத்தான். தெனமும் பாக்கான்."

பெற்றவளின் கண் கண்டுபிடித்ததா, ஒரு மாதமாகப் பார்த்துப் பழகிய முகத்தைத் திரும்பக் கண்டுபிடித்ததா? யாரையும் முப்பது நாள் பார்த்தால் அடையாளம் தெரியத்தான் செய்யும். ஆனால் நானும் அதே முப்பது நாள் பார்த்தேனே, எனக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? அன்று குழம்பியவன் இன்னும் தெளியவில்லை.

அடுத்த வருஷம் உன் இரண்டாவது கார்டு வந்தது. போர்க்களத்தில் வாய்க்கால் ஓரம் முகங்குப்புறக் கிடக்கும் பிணம் நீ என்று எழுதியிருந்தாய். பறையடித்துக்கொண்டு கொட்டகையின் விளம்பர வண்டி போனதும் சித்தி ஓடிவந்து கேட்டார்கள், "இதுல இருக்கானாலே?" இல்லை என்று சொல்லிவிட்டேன். தாய் பார்க்கிற கோலமா அது? தைமாதம் சித்தி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாவது படத்தில் நீ ராணிக்குச் சாமரம் வீசும் தோழியாக வந்தபோது பார்க்கச் சித்தி இல்லை. நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது. பிணமானாலும் பிள்ளை என்று ஒருவேளை பார்த்திருப்பார்கள்.

பாட்டால் நீ பேர் வாங்கிய பிறகு, உன் பேசும் படத்தைத் தொடங்கிவைக்க ஊருக்கு வந்தாயே, என் வீட்டு வாசலில் கூட்டம் நெரிந்தது. உள்ளே வந்ததும் நான் முதலில் கேட்டதே இதைத்தான். நீ எழுந்து, என் குடையை வேலாகப் பிடித்துக்கொண்டு, ஒருதரம் சுவரைப் பார்த்தும் ஒருதரம் வாசலைப் பார்த்தும் நின்று பார்த்தாய்.

"எந்தப் பக்கம்னு நெனவில்லலே. தாடி ஒட்டிட்டா எல்லாவனும் ஒண்ணுதான். அம்மை யாரப் பாத்தா?"

"வாயைத் தொறந்தவனை."

நீ குடையைக் கீழே வைத்தாய். "அப்பம் அது நான்தான்" என்றாய். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கிய பாரத்தை இரண்டு வருஷம் கழித்து நீயே தூக்கி வைத்தாய். சாப்பிட்டுக்கொண்டே பழைய கதை சொல்லும்போது, சபைக் காட்சியில் எவனோ ஒரு மதுரைக்காரன் கொட்டாவி விட்டு ஏச்சு வாங்கினான் என்று சிரித்தாய். முன்பு என்னிடம் சொன்னது உனக்கு மறந்துபோயிருந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்த மதுரைக்காரன் எந்தப் பக்கம் நின்றான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று மத்தியானம் முழுக்க இந்தத் துண்டையும் ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படிப் பிடித்தால் வாயைத் திறந்தபடி கொட்டாவிக்காரன் வலது பக்கம் நிற்கிறான், திருப்பினால் இடது பக்கம் போய்விடுகிறான். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பிலிமுக்கே தெரியாது போலிருக்கிறது. பேனாவை இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் கீழே வைத்தேன். நான் புள்ளி வைத்தால் அது அச்சாகிவிடும். அதற்குப் பிறகு அதுதான் நீ.

கடைசியில் வாய் திறந்தவன் காலடியில் வைத்துவிட்டேன். கடிதத்திலும் இடது வலது என்று எழுதவில்லை. "பேசிக்கொண்டிருப்பவர்" என்று எழுதினேன்.

உன் பாட்டைக் கேட்டவர்களெல்லாம் அந்தக் குரலின் தணிவைச் சொல்கிறார்கள். அது சித்திக்கு முன்னமே தெரியும். இப்போதும் கோயிலில் பாடம் வாசிக்க எழுந்தால், பையப் பேசுலே என்று காதில் கேட்கிறது. நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். பின்வரிசையில் கேட்கவில்லை என்கிறார்கள். என்னவோ சொல்லட்டும்.

ஒருவேளை அந்தப் பக்கம் அசையாமல் நிமிர்ந்து நின்றவன்தான் நீ என்றால், உன்னை மற்ற நாலு பேரோடு பெயரில்லாமல் விட்டுவிட்டு ஒரு மதுரைக்காரனுக்குப் புள்ளி வைத்திருக்கிறேன். மன்னித்துக்கொள். படத்தில் நீ இல்லை என்று உன் அம்மையிடம் ஒருதரம் சொல்லிவிட்டேன். இன்னொரு தரம் என்னால் சொல்ல முடியாது.