அவர்களுக்கு உன் முகம் வேண்டுமாம்

மார்ச் 12

குஞ்சு, உன் முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. போனில் நீ போக்கர் ஆடி வென்ற இரண்டாயிரம் யூரோவை அந்தக் கம்பனி இன்னும் தரவில்லை. உன் காசை வாங்க மட்டும் அவர்களுக்கு ஒரு நொடி போதும்.

இன்று இத்தாலிக்கார முதலாளியம்மா, அந்தச் சினோரா வீட்டு வேலை முடிந்து வந்ததும் உன் தங்கச்சி சொன்னாள்.

"அம்மா, பெர்மெஸ்ஸோ வதிவிட அட்டையோடை அண்ணாவின்ரை முகம் தெரியிற புதுப்படம் வேணுமாம்."

"செத்திட்டான் எண்டு எழுதினியோ?"

"ஓம். அண்ணாவே எழுதோணுமாம்."

"மயானத்திலை வந்து கேக்கச் சொல்லு, நாயளை!"

'காசை எடுக்காமல் விளையாடு' என்ற பொத்தான் உன் போனில் இன்னும் மின்னுகிறது. அதற்கு முகம் தேவையில்லை. முன்பு காசு வரப் பிந்திய மூன்று தரமும் அதை அமத்தித்தான் எல்லாம் தோற்றாய். இந்தத் தரம் அமத்தாமல் பொறுத்திருந்தாயே, யாருக்காகடா?