அம்மா சொன்னதை நான் உனக்குச் சொல்லவில்லை

என் அன்பு மச்சான் குணா,

பத்திரிகை வேலைக்குக் கிட்ட என்று நாம் சேர்ந்து எடுத்த வெள்ளவத்தை அறையில் உன் கட்டில் அதே சுவரோரம்தான் கிடக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டும் நான் வேறொருவரைச் சேர்க்கவில்லை. கொழும்பின் பிரதான காலி வீதியில் இன்னொரு சோதனைச் சாவடி வந்திருக்கிறது. நாட்டில் சண்டை முடியவில்லை. உனக்குச் சொல்ல நல்ல செய்தி எதுவும் என்னிடம் இல்லை.

லண்டனில் நாம் கழித்த அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? பத்திரிகையாளர் பயிற்சிக்குப் போயிருந்தோம்: நீ, நான், படப்பிடிப்பாளன் சுனில். காலையில் நம் நாட்டு அணியின் கிரிக்கெட் ஆட்டம். சிங்களவனான சுனில் கொட்டாஞ்சேனையில் பழகிய தமிழில் கத்திக்கொண்டிருந்தான். நீ மைதானத்தைப் பார்க்கவில்லை, வாசலையே பார்த்தாய்.

"மச்சான், இவ்வளவு சனம் உள்ளுக்கு வருது. ஒருத்தரின்ர பையைக்கூடத் திறக்கச் சொல்லேல்ல."

"அடே, நீ மெச் பார்க்க வந்தனியா, பை பார்க்க வந்தனியா?" என்றான் சுனில்.

மதியத்துக்கு முன் மழை ஆட்டத்தை நிறுத்தியது. நனைந்த சப்பாத்தோடு பின்னேர நாடகத்துக்குப் போனோம். விளக்கு அணைந்து சிறிது நேரத்தில், பின்னால் வந்தவர்களுக்கு இடம் காட்ட ஒரு பெண் டோர்ச் அடித்தாள். வெளிச்சம் நம் முகத்தில் பட்டதும் நீயும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். உன் கையில் அடையாள அட்டை. என் கையில் அட்டையும், கொழும்பில் தங்க எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டும். யாரும் கேட்கவில்லை. சுனில் மட்டும் எழும்பவில்லை.

"இருங்கடா, இது லண்டன்!" என்று சிரித்தவன், நம் கைகளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

இடைவேளையில் நீ என்னைத் தனியே கூப்பிட்டாய். "நான் இங்கயே நிக்கட்டே, மச்சான்? நீ என்ன சொல்லுறாய்?"

நீ அறியாத ஒன்று உண்டு. நாம் புறப்படுவதற்கு முதல் நாள், உன் கொட்டாஞ்சேனை வீட்டில், நீ குளித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா என்னைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூப்பிட்டார். "தம்பி, அவனை அங்கயே விட்டிட்டு வா. நான் சொன்னதெண்டு அங்க போய்ச் சொல்லு. இப்ப நான் சொன்னால் அழுதுபோடுவன், அவன் பிளேனே ஏறமாட்டான்." ஓம் என்று தலையாட்டினேன்.

ஆனால் உன்னிடம் சொன்னது இதுதான்: "அம்மா தனிய என்ன செய்வா? யோசி." அம்மாவுக்காகச் சொல்லவில்லை, குணா. இரவில் பொலிஸ் சோதனையின் டோர்ச் வெளிச்சம் வரும் அந்த அறைக்குத் தனியே திரும்ப எனக்குப் பயமாக இருந்தது. நீ அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தாய். "ஓம், அதுவும் சரிதான்," என்றாய். இரண்டாம் பகுதியில் மேடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம், கொள்ளுப்பிட்டியில் குண்டு வெடித்த பஸ்ஸில் நீ இருந்தாய். பிணவறையில் உன்னை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் அதே அட்டை.

பிறகு நம் பத்திரிகையின் இதே ஞாயிறு பக்கத்தில் உனக்கு அஞ்சலி எழுதினேன். 'தாயைப் பிரிய மனமில்லாமல், அவர் சொல்லியும் கேளாமல், தானாகத் திரும்பி வந்தவன்.' அம்மா அதை வெட்டி உன் படத்துக்குக் கீழே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். "பாருங்கோ, நான் அங்க நிக்கச் சொல்லியும் என்னட்டை வந்தவன்."

பிழை வந்த பக்கத்திலேயே திருத்தமும் வரவேண்டும் என்று ஆசிரியபீடத்தில் சண்டை பிடிப்பவன் நீ. உள்பக்கத்து மூலையில் திருத்தம் போட்டால் அன்று முழுக்க யாரோடும் கதைக்கமாட்டாய். இந்தத் திருத்தத்தையும் போடச் சொல்வாயா? அந்தக் கண்ணாடிக்குள் இருப்பதைத் தவிர அம்மாவிடம் வேறென்ன இருக்கிறது? பல இரவுகள் கேட்டுப் பார்த்தேன்.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை அச்சாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டி அம்மா இதை அறியக்கூடாது. சனிக்கிழமை பின்னேரம் நான் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். அதே குசினியில் நின்று, அவர் அன்று சொன்னதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை என்று என் வாயால் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மச்சான்,
சனிக்கிழமைக்குப் பிறகும் அம்மா ஏற்றுக்கொண்டால், அவருடைய மற்றப் பிள்ளை,
சபா