உறுமும் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

அச்சகத்திலிருந்து வந்து பார்த்தால் கணினி அணைக்கப்படாமலே கிடக்கிறது. திரையின் மூலையில் சிவப்புக் குறி. ‘பேக்கப் மென்பொருள் துவங்கவில்லை.’ என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“அதுவா? தினமும் காலைல ஆன் பண்ணா வருது. மூடிட்டு என் வேலையப் பாக்கறேன்.”

தினமுமாம்! நகல் போய்ச் சேரும் வெளி டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். அவர் குரல் பதிவு தொடங்குவதற்கு முன்னால் எடுத்த நகல்தான் கடைசி. அதற்குப் பிறகு பேசியது ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் இந்தக் கிழட்டுக் கணினிக்குள் மட்டுமே.

அடுத்த செவ்வாய் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அவர் இப்போது பேசிவைக்கும் வாக்கியங்களைத்தான் பிறகு கைக்கணினியில் போட்டுத் தருவார்கள். பொத்தானைத் தொட்டால் அவர் குரலிலேயே வரும். இது போனால் மறுபடி பேசு என்று யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச் 4, புதன்

தம்பிக்குப் போன் செய்தேன். கணினிதான் அவனுக்குச் சோறு போடுகிறது.

“அக்கா, ரீஸ்டார்ட் பண்ணியா?”

இதைச் சொல்லவா அவ்வளவு படித்தான்? சரியென்று செய்தேன். பேக்கப் சமர்த்தாகத் துவங்கியது. பச்சைக் குறி! வெளி டிஸ்க் உறுமிக்கொண்டு நகல் எடுக்க ஆரம்பித்தது. “பழைய மெஷின், அக்கா. முழுசா எடுக்க ஒரு ராத்திரி பத்தாது. அணைக்காம ஓட விடு.” விட்டிருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

மாலையில் வந்து பார்த்தால் மறுபடியும் சிவப்பு. பாதி எடுத்த நகலையும் அதுவே அழித்துவிட்டதாம். எடுத்தவரைக்கும் வைத்துக்கொண்டால் என்ன கேடு?

கையாலேயே நகலெடுத்துப் பார்த்தேன். கோப்புகளின் பெயர் மட்டும் வருகிறது, குரல் வரவில்லை. பதிவு செய்கிற மென்பொருள் குரலை எங்கோ உள்ளே பூட்டி வைத்திருக்கிறதாம். கணினியை மொத்தமாக நகலெடுக்கத்தான் வேண்டும் என்கிறான் தம்பி. அவன் சொன்னபடி வைரஸ் தடுப்பை நிறுத்தினேன். துவக்கப் பட்டியலைச் சரிபார்த்தேன். பேக்கப்பை அடியோடு நீக்கி மறுபடி நிறுவினேன். நான் பக்கத்தில் இருந்தால் பச்சை. அந்தப் பக்கம் போனால் சிவப்பு. என்னிடம் என்ன பயம் அதற்கு?

இன்னொன்று. கணினிக்குள்ளிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். அதைச் சொன்னதும் தம்பி பதறிவிட்டான். “அக்கா, உள்ள இருக்கற டிஸ்க் போகப் போகுது. சீக்கிரம் நகல் எடுத்துடு.”

எரிச்சலில் அவரிடம் கத்தினேன். “தினமும் சிவப்பு வருதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“இந்தப் பழசத் தலைமுழுகிட்டுப் புதுசு வாங்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் கரகரவென்று.

நான் அப்பவே சொன்னேன்ல! கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சண்டையும் இதில்தான் முடியும். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் வந்தது. உடனே அழுகையும் வந்தது. குரலை வீணாக்காதீங்க என்று அதட்டிவிட்டு எழுந்து போனேன்.

மார்ச் 6, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்! கடவுளே, இந்த மனுஷனை என்ன செய்வது?

இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் வேலைக்குப் போகாமல் லீவு சொன்னேன். தெருவில் பள்ளி வேன்கள் போய் முடிந்த பிறகு கிடைக்கும் அமைதியில்தான் அவர் பதிவு செய்வார். “இருந்தா இரு, மூச்சு விடற சத்தம் கேக்கக் கூடாது” என்று உத்தரவு. அடுப்படியில் நின்று கதவிடுக்கில் பார்த்தேன்.

வந்தார். ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். வெளி டிஸ்க்கின் ஒயரைச் சடக்கென்று உருவினார்! கணினி திணறியது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். சிவப்புக் குறி வந்தது. மூடினார். மைக் முன்னால் உட்கார்ந்து, “கிளச்ச மெதுவா விடுங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்றார். டிரைவிங் பள்ளியில் பழக வருகிறவர்களிடம் இத்தனை காலமாகச் சொன்னது. முடித்ததும் ஒயரை ஒழுங்காகத் திரும்பச் செருகினார்.

சத்தம் போடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். பதிவு முடிந்ததும் பாய்ந்தேன்.

“எதுக்குங்க அத உருவுறீங்க?”

“உறுமுதே! மைக்ல அப்படியே விழுது. பேசறது நானா அந்தப் பெட்டியா?”

“அந்தப் பெட்டியிலதாங்க பேக்கப்பே! அது இல்லன்னா மென்பொருள் எங்கேருந்து துவங்கும்?”

“பேக்கப்னா கம்ப்யூட்டருக்குள்ள நடக்கற சமாச்சாரம்னு நெனச்சேன்.”

“சரி, ஏன் திரும்பச் செருகணும்? அப்படியே கெடந்திருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேனே!”

“எடுத்தத எடுத்த எடத்துல வைக்கலன்னா நீ திட்டுவியே.”

வீடு முழுக்க அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான்.

நீள ஒயர் வாங்கி வந்து பெட்டியை அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன். துண்டு விரித்து அதன் மேல் வைத்துக் கதவைச் சாத்தினேன். மைக்கில் உறுமல் இல்லை. நகல் முடியும்வரை அந்த அறைப் பக்கமே போகக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

மார்ச் 7, சனி

ஓடுகிறது. டக் டக் அதிகமாகிவிட்டது. தாங்குமா?

மார்ச் 8, ஞாயிறு

முடிந்தது. முழு நகல். இனி புதிதாகப் பேசுவதை அவ்வப்போது அதுவே எடுத்துக்கொள்ளுமாம், மென்பொருள் ஒழுங்காகத் துவங்கினால்.

மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சியாளர் பேசிவைக்கச் சொல்லித் தந்த பட்டியலை இன்றோடு முடித்துவிட்டார். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, மிக்க நன்றி. “இதெல்லாம் யாரோ ஒரு நல்ல மனுஷன் பேசறது. நான் எங்க இப்படிப் பேசறேன்?” என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரத்தில், “ரெண்டு நிமிஷம்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். கணினியைப் பட்டென்று அணைத்துவிட்டு வந்தார். என்ன பேசினீங்க என்றதற்குச் சிரித்தார். மென்பொருள் துவங்கியதா என்று நான் பார்க்கவில்லை. ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்துதான் அது நினைவுக்கு வந்தது.

மார்ச் 11, புதன்

கண் விழித்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

மார்ச் 18, புதன்

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கணினி எழவில்லை. கறுப்புத் திரை, உள்ளே டக் டக் மட்டும். போச்சு... அந்த ரெண்டு நிமிஷம் போச்சா? ஒயர் இருந்துச்சா? பழக்க தோஷத்துல அடுத்த ரூமுக்குப் போய் உருவியிருப்பாரோ? கேட்டா பதில் சொல்லவும் முடியாதே அவரால!

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒயர் செருகியபடி இருந்தது. ஆனால் இது அவர் பேசும்போதே இருந்ததா, உருவிவிட்டுத் திரும்பச் செருகியதா?

மார்ச் 19, வியாழன்

பெட்டியை எடுத்துக்கொண்டு தம்பி மருத்துவமனைக்கே வந்தான். தன் மடிக்கணினியில் மாட்டினான்.

“இருக்குக்கா. எல்லாமே இருக்கு. செவ்வாய்க்கிழமை காலைலயும் ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு வாக்கியம்தான். போடட்டுமா?”

அவர் படுக்கையிலிருந்து கையை ஆட்டி ஆட்டித் தடுத்தார். கண்ணில் அதே சிரிப்பு. “மாமா வேண்டாங்கறார்க்கா” என்று தம்பி மூடிவிட்டான். எனக்கும் அழுது முடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் கடைக்குக் கிளம்பும்போது வானத்தைக் காட்டினார், குடையைக் காட்டினார். வெயிலடிக்கிறது என்று விட்டுவிட்டுப் போனேன். திரும்பும்போது கொட்டித் தீர்த்தது. தொப்பலாக நனைந்து வந்து நின்றேன். வாசலிலேயே கைக்கணினியோடு காத்திருந்தார். பொத்தானைத் தொட்டார்.

“நான் அப்பவே சொன்னேன்ல?”

“எங்க சொன்னீங்க? கையத்தான காட்டினீங்க!” என்று கத்தினேன். மறுபடி தொட்டார். தலையைத் துவட்டாமல் நின்று சண்டை போட்டேன். விடவே இல்லை, அதையே தொட்டுக்கொண்டிருந்தார். அந்த ரெண்டு நிமிஷம் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது இதைத்தான்.

“சரி, இன்னொரு தடவ தொடுங்க” என்றேன்.