விரலுக்கு எட்டிய தேசப்படம்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் அதுவே எங்களுக்குப் பாதி மருந்து. பார்வை போனதிலிருந்து அப்பா வாசற்படி தாண்டவில்லை என்பது உனக்குத் தெரியும், லாரியில் ஊர் ஊராகச் சுற்றிய மனிதர், இப்போது நீ போன் செய்தால்கூட வாங்கிப் பேசுவதில்லை. மாடிவீட்டு டீச்சர்தான் விடாப்பிடியாக எங்களை அந்தப் பழைய நூலகத்துக்கு அழைத்துப் போனார். குருடனுக்கு அங்கே என்ன காட்டப் போகிறீர்கள் என்று வழியெல்லாம் முணுமுணுத்தார் அப்பா. என் மனதிலும் அதுதான் ஓடியது.

அந்த நூலகத்தை அரசாங்க உதவி இல்லாமல் ஊர்க்காரர்களே தலைமுறை தலைமுறையாகச் சந்தா கட்டிக் காப்பாற்றி வருகிறார்களாம். உள்ளே கால் வைத்ததும் அண்ணாந்து பார்த்தேன், தரையிலிருந்து கூரைவரை புத்தகம், நடுவே சுழன்று ஏறும் இரும்புப் படி, மேலே கண்ணாடி வழியாக இறங்கும் வெயில். அப்பா அப்படியே நின்றுவிட்டார். கூரை ரொம்ப உயரமோ, குரல் மேலே போய் நிதானமாகத் திரும்புகிறதே என்றார்.

அரிய நூல்களுக்கென்று தனி அறை. அங்கிருந்த காப்பாளர் அம்மா எங்களைக் கை கழுவிவரச் சொல்லி, மேசை அகலத்துக்கு ஒரு புத்தகத்தை விரித்தார். "தொட்டுப் பாருங்க ஐயா, இது தொடுறதுக்குன்னே செஞ்சது" என்றார். பார்வையில்லாத பிள்ளைகளுக்காக எந்தக் காலத்திலோ அச்சிட்ட உலகப்படம், சின்னு. மலை மேடாக, ஆறு பள்ளமாக, கடல் வழவழவென்று. நம் ஊர்ப் புள்ளியில் காப்பாளர் அப்பாவின் விரலை வைத்ததுதான் தாமதம், அப்பா கரையோரமாகவே கிளம்பிவிட்டார், இது நான் போன வழி, இங்கே ஒரு வளைவு வரும் என்று. பிறகு மெதுவாக, பெண் இருக்கும் ஊர் எங்கே என்று கேட்டார். கட்டைவிரலை நம் ஊரில் ஊன்றிக்கொண்டு, காப்பாளர் காட்டிய புள்ளிக்குக் கடலைத் தாண்டிச் சுண்டுவிரலை நீட்டினார், எட்டியது.

"ஒரு சாண்தான்டி இருக்கு. நான் ரொம்ப தூரம்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது. மறுநாள் காலையில் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, நூலகம் எப்போது திறப்பார்கள் என்று கேட்டார்.

நீயும் ஒருமுறை சர்க்கரைக்கு ரத்தம் பார்த்துவிடு, அப்பாவைப்போல நாள் கடத்தாதே. இருவரும் ஒரு குறையுமின்றி நிறைவாக வாழ வேண்டும். உங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறதாம், உன் ஜன்னலிலிருந்து தெரியுமா என்று அப்பா கேட்கிறார். அடுத்து நீ பேசும்போது பதிலை என்னிடம் சொல்லாதே, போனை அவரிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா